கடப்படி மணல்

விடியச் சைக்கிளை விட்டு இறங்கி நான் "அக்கா" என்று கூப்பிட முன்னரே குசினிக்குள் இருந்து ஒரு கேள்வி வரும். எப்படி இருக்கிறாய் என்றல்ல. தேத்தண்ணி குடிக்கிறியோ என்றும் அல்ல.

"ஆர் வந்து போனது எண்டு பாத்தியோ?"

நான் பார்த்திருக்கமாட்டேன். பார்த்ததாகச் சொல்வேன்.

"ஓமக்கா. ஒரு ஒட்டகம். முதுகில ரெண்டு பேர்."

"அப்ப அவையளுக்கும் சேத்துத் தண்ணி கொதிக்க வைக்கிறன். நீ போய் மிசினைப் பார்."

முள்ளியவளையில் இருந்து காட்டுப் பக்கமாகப் போகிற கிரவல் றோட்டு முடிகிற இடத்தில் அக்காவின் தோட்டம் இருந்தது. கிழமை நாட்களில் எனக்கு உழவு மிசின் திருத்துகிற கராச்சில் வேலை. சனி, ஞாயிறு அக்காவின் தோட்டத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டதாக ஊருக்குள் சொல்லி வைத்திருந்தேன். அக்காவிடமும் அப்படித்தான் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றார்.

அக்கா என்றால் என்னோடு கூடப் பிறந்தவர் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர். அங்கே பெரியவர், சின்னவர் எல்லாருமே அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மெலிந்த ஆள். மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, பழைய சைக்கிள் ரியூப்பில் வெட்டிய வாரால் கட்டியிருந்தது. அந்த வளவில் உடைந்த எல்லாவற்றுக்கும் மருந்து ரியூப் வார்தான். படலை, கோழிக்கூட்டுக் கதவு, மண்வெட்டிப் பிடி, கொட்டில் தகரம், எல்லாவற்றிலும் கறுப்புக் கட்டு. ஒருநாள் தகரம் என் கையை வெட்டிவிட்டது. அக்கா ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தார். நான் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

"பயப்பிடாத. இது மருந்துச் சீலைதான்."

சனிக்கிழமை வேலையை அக்கா சொல்லுகிற விதமே தனி. "மிசின் தண்ணி இழுக்குதில்லை. கொட்டில் கப்பு ஆடுது. கோழிக்கூட்டு வலையைக் கீரி மாஸ்டர் பிய்ச்சுப்போட்டார். அதெல்லாம் கிடக்கட்டும், முதல்ல வந்து இதைப் பார்." 'இது' என்றால் கடப்படி மணல். எத்தனை வேலை கிடந்தாலும் முதல் வேலை அதைப் பார்ப்பதுதான்.

கடப்பு என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேலியில் ஒரு இடைவெளி விட்டு, முழங்கால் உயரத்துக்கு இரண்டு குறுக்குத் தடி போட்டிருப்பார்கள். ஆள் காலைத் தூக்கித் தாண்டலாம், மாடு தாண்டாது. மற்ற வளவுகளில் கடப்பு, ஆட்கள் போய்வருகிற பக்கத்தில் இருக்கும். அக்காவின் கடப்பு காட்டைப் பார்த்துக் கிடந்தது. அந்தப் பக்கத்தால் வருவதற்கு ஒரு மனிதரும் இல்லை. அகலமும் கூட. இரண்டு பேர் தோளோடு தோள் முட்டாமல் போகலாம்.

அந்தக் கடப்படியில் ஆற்று மணல் கொட்டிப் பரவி வைத்திருந்தார். பின்னேரம் மாட்டுக்குத் தவிடு கரைத்து வைத்த பிறகு, ஈர்க்கு விளக்குமாறை எடுத்துக்கொண்டு போய் அந்த மணலைக் கூட்டுவார். முற்றத்தைக்கூட அவ்வளவு வடிவாகக் கூட்டமாட்டார். மடித்து வைத்த வேட்டி மாதிரி இருக்கும் மணல். விடிய எழும்பி, அதற்குப் பக்கத்தில் குந்தி இருந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்ப்பார். எங்கள் கராச் முதலாளி பேப்பர் வாசிக்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாமல்.

"முயல் ரெண்டு. ஒண்டு அவசரமாப் போயிருக்கு. ஏனெண்டால் பின்னால விதானையார்."

விதானையார் என்றது நரியை. ஊர் அதிகாரி விதானையாரைப் போலவே வருவார், சுற்றிப் பார்ப்பார், ஒன்றும் செய்யாமல் போய்விடுவார், அதனால் அந்தப் பெயர். முள்ளம்பன்றிக்கு ஊசி டொக்டர். மயிலுக்கு மாப்பிளை. உடும்பை மட்டும் 'பெரியவர்' என்பார். காரணம் கேட்டதற்கு, "நடையைப் பார், ஒரு அவசரமும் இல்லை" என்றார். பெயர் வைத்த எல்லாருக்கும் 'அவர்', 'அவா' போட்டுத்தான் கதை. தன் தம்பியாரைப் பற்றிக் கதைக்கும்போது மட்டும், "அது இந்தப் போயாவுக்கு வருதாம்."

கடப்பை ஏன் காட்டுப் பக்கம் வைத்திருக்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். மிசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, சும்மா, வாய் அரித்துத்தான் கேட்டேன்.

"சண்டை முடிஞ்ச நேரம் முகாமில, முழுக்க அடைச்ச வேலிக்குள்ள ஒருக்கா இருந்து பாத்தனான். காணும்."

அன்று முழுக்க நான் பகிடி விடவில்லை. அடுத்த நாள் தொடங்கிவிட்டேன்.

என் பகிடி எல்லாம் அந்த மணலில்தான். அக்காவை ஏமாற்றிப் பேய்க்காட்ட வேண்டும். ஒரே ஒரு தடவை. உலகத்தில் என்னால் பேய்க்காட்ட முடியாத ஒரே ஆள் அவர். கராச் முதலாளிக்கு மூன்று தரம் பாட்டியைச் சாகவைத்து லீவு எடுத்திருக்கிறேன். அம்மா நான் பள்ளிக்கூடம் போகிறேன் என்று ஒரு வருசம் நம்பிக்கொண்டிருந்தார். அக்காவிடம் ஒன்றும் வாய்க்கவில்லை.

முதல் தரம், செருப்பை முன்பின்னாகக் கட்டிக்கொண்டு, கடப்பால் யாரோ கள்ளன் வந்த மாதிரி நடந்து வைத்தேன். அக்கா குந்தி இருந்து பார்த்தார்.

"கள்ளன் நல்ல பெடியன்தான். ஆனா இடக்கால் வெளிப்பக்கம் சாயுது. சின்னனில மரத்தால விழுந்தவனோ?"

நான் விழுந்தது பத்து வயதில். ஒருவருக்கும் சொன்னதில்லை.

இரண்டாம் தரம், சனிக்கிழமை கோழி காய்ச்சினோம். வெட்டி எறிந்த கால்கள் இரண்டையும் எடுத்து வைத்து, பின்னேரம் மணலில் வரிசையாகக் குத்தினேன். காட்டுக்கோழி என்று நினைக்கட்டும் என்று. ஞாயிறு விடிய அக்கா பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"பாவம். நேற்று எங்கட சட்டிக்குள்ள கிடந்தது, எழும்பி வந்து வளவைச் சுத்திப் பாத்திட்டுப் போயிருக்கு. நீ திண்டது காலில்லாத கோழிதானே?"

இப்படி ஒரு ஆளிடம் தோற்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் தோற்கத் தோற்க, ஒருக்காவாவது வெல்லவேண்டும் என்று உள்ளுக்குள் ஏதோ கடித்துக்கொண்டும் இருந்தது.

அவர் மிருகங்களை மட்டும் பார்க்கவில்லை என்பது ஒருநாள் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை வழக்கமான கேள்வி வரவில்லை.

"புதன்கிழமை ஏன் வந்தனி?"

"நான் வரேல்லையே."

"நான் சந்தைக்குப் போன நேரம் வந்திருக்கிறாய். படலையடியில நிண்டிருக்கிறாய். சைக்கிளைச் சாத்தக்கூட இல்லை, பிடிச்சுக்கொண்டே நிண்டிருக்கிறாய். குதிக்கால் பட்ட இடம் பள்ளமாக் கிடந்தது. என்ன நடந்தது?"

அம்மாவுக்குச் சீனி வருத்தம் கூடி, கால் புண்ணோடு ஆசுப்பத்திரியில் சேர்த்து மறித்துப்போட்டார்கள். கராச்சில்கூட நான் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பமாட்டார்கள், பாட்டியைத்தான் மூன்று தரம் சாகவைத்தேனே. அக்காவிடம் சொன்னேன். அடுத்த நாள் கஞ்சியும் ஒரு புதுச் சீப்பும் எடுத்துக்கொண்டு பஸ்ஸேறி ஆசுப்பத்திரிக்குப் போனார். அம்மாவின் தலையை இழுத்துக் கட்டிவிட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் ஒரு புளுகன், அக்கா. உங்களுக்கும் கரைச்சல் குடுப்பான்" என்றாவாம்.

"வாயால மட்டும்தானே அம்மா" என்றாராம் அக்கா.

அந்த 'வாயால மட்டும்' என்றது எனக்கு இப்போது நினைக்கச் சுடுகிறது.

தம்பியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். அக்காவுக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவு. வவுனியாவில் அரசாங்கக் கந்தோர் வேலை, மாடி வீடு. பௌர்ணமிப் போயா லீவுக்கு மோட்டார் சைக்கிளில் வருவார். வந்து இறங்கினதும் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நேரே கடப்படிக்குப் போய், அதை ஒரு எதிரியைப் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார். அக்கா தன்னோடு வந்து இருக்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கதை. பாசம்தான். பாசம் இல்லாவிட்டால் மாதா மாதம் இவ்வளவு தூரம் வந்து ஒருவர் தேத்தண்ணியோடு சண்டையையும் சேர்த்துக் குடிப்பாரா?

பக்கத்துக் காணிக்காரர் கச்சான் கடலை போடுகிறவர். மலைநாட்டில் இருந்து வந்து குடியிருந்த குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒருநாள் ஆனை வந்து அவர்களின் குசினிச் சுவரைத் தள்ளி நெல்லு மூட்டையை இழுத்துக்கொண்டு போனது. சுவருக்கு மற்றப் பக்கம்தான் பிள்ளைகள் படுத்திருந்தார்கள். அதற்கு அடுத்த போயாவுக்குத் தம்பியார் வந்தபோது சண்டை பெரிதாகிவிட்டது. நான் தண்ணி மிசினடியில் படுத்திருந்தேன். எல்லாம் கேட்டது.

"ஆனைக்கு இது பாதையில்லையடா. அது குளத்துக்கு மற்றப் பக்கத்தால போய், பக்கத்துக்காரற்ற காணி மூலையால ஏறுறது. என்ர பக்கம் வராது."

"உன்னட்டைச் சொல்லிட்டுப் போனதோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் எழுதி வைச்சிட்டுப் போகுது. வாசிக்கத் தெரிஞ்சவை வாசிக்கலாம்."

"சரி. இந்தக் கடப்புக்குள்ள ஒரு நாள் ஆனைக் கால் கிடந்தால்?"

அக்கா கடப்படி மணலை ஒருக்கா பார்த்தார்.

"கிடந்தால் உன்னோட வாறன். பிறகு ஒரு கதையும் கதைக்கமாட்டன். கிடக்காட்டில் நீயும் இனி இந்தக் கதை கதைக்கக்கூடாது."

"அப்பான்ர படத்துக்கு முன்னால சொல்லு."

"படம் எதுக்கு? நான் சொன்னால் காணாதோ?"

மிசினடியில் இருந்து நான் கையை உயர்த்தினேன். "நான் சாட்சி!"

அக்கா சிரித்தார். தம்பியார்கூடச் சிரித்தார். அக்கா எனக்கு இரண்டு பணியாரம் கூடப் போட்டார். அந்த நிலத்தில் இருப்பதா போவதா என்பதை அவர் அந்த மணலில் வைத்துவிட்டார். வைக்கலாம் என்று நினைத்ததற்குக் காரணம், தன் கண்ணில் இருந்த நம்பிக்கை. அந்த மணலில் விளையாடுகிற ஒருவன் மிசினடியில் கிடக்கிறான் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. பணியாரத்தைத் தின்றேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு சனிக்கிழமை. மிசினைக் கழற்றிப் பார்த்தால் தண்ணி கசியாமல் பிடிக்கிற வோட்டர் சீல் தேய்ந்து போயிருந்தது. "இது வவுனியாவிலதான் எடுக்கலாம்" என்றேன். அக்கா தம்பியாருக்குப் போன் எடுத்தார். திங்கட்கிழமை வாங்கி பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன் என்றாராம். ஆகவே தம்பியார் வரமாட்டார். ஞாயிறு விடிய அக்காவும் நானும் மட்டும்தான். அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்து என்னை நானே பேய்க்காட்டிக்கொண்டேன்.

பின்னேரம் கோழிக்கூட்டு வலையைக் கட்டி முடித்தேன். ரியூப் வாரால்தான். அக்கா மாட்டுக்குத் தவிடு வைத்து, மணலைக் கூட்டிவிட்டு, கிணற்றடிக்குக் குளிக்கப் போனார். பொழுது இன்னும் சாயவில்லை. கொட்டில் வாசலில் தவிட்டு வாளி கிடந்தது. பெரிய வாளி, கனத்த அடி. அதைப் பார்த்தேன். மணலைப் பார்த்தேன்.

குறுக்குத் தடி இரண்டையும் இழுத்து விழுத்தினேன். வேலிக் கதியால் ஒன்றைத் தள்ளிச் சாய்த்தேன். வாளியைக் கவிழ்த்து அல்ல, நிமிர்த்தி வைத்து, அதற்குள் ஏறி நின்று அழுத்தினேன். வட்டமாக, ஆழமாக, நல்ல கால். காட்டுப் பக்கம் இருந்து உள்ளே ஆறு, திரும்பிப் போக ஆறு. விரல் நகத்துக்கு என் கட்டைவிரலால் முன்னால் கொஞ்சம் தோண்டியும் விட்டேன். என் கால் பட்ட இடத்தை விளக்குமாறால் கூட்டி அழித்தேன். அக்காவின் நாய் படுத்திருந்து வாலை ஆட்டிக்கொண்டு பார்த்தது. நல்ல சாட்சி அதுவும். வாளியைக் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, "அக்கா, நான் வாறன்" என்று கிணற்றடிப் பக்கம் கத்திவிட்டுச் சைக்கிளை மிதித்தேன்.

அடுத்த நாள் விடிய வரும்போது வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா "ஐயோ ஆனை" என்றதும் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இந்தாங்கோ உங்கட ஆனை, தும்பிக்கையும் இருக்கு" என்று கைபிடியைக் காட்டவேண்டும். அதை நினைத்து நினைத்துச் சைக்கிளில் தனியாகச் சிரித்தேன்.

படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றது.

சீல் தெரிந்த ஒருவரின் கடையில் இரவே கிடைத்துவிட்டதாம். அக்காவுக்குத் தண்ணி இல்லையே என்று இருட்டோடு வெளிக்கிட்டுத் தானே கொண்டுவந்துவிட்டார் தம்பியார். வழக்கம்போல முதலில் கடப்படிக்குப் போயிருக்கிறார். நான் போய்ச் சேரும்போது அவர் தலைக்கவசத்தோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். பக்கத்துக் காணிக்காரர் சத்தம் கேட்டு ஓடிவந்திருந்தார். ஒரு கையில் ஆனை விரட்டுகிற வெடி.

அக்கா பால் செம்போடு கொட்டிலில் இருந்து வந்தார்.

"பார்! இப்ப பார்! வாசிக்கத் தெரிஞ்ச ஆள்தானே, வாசி!"

அக்கா செம்பை வேலியோரம் வைத்தார். குந்தி இருந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. வாளியின் அடியில் ஒட்டியிருந்த தவிடு காலடிக்குள் அப்படியே பதிந்திருந்தது. எறும்பு வரிசை கட்டி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஒரு துளியை விரலால் எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"இது ஆனையில்லை" என்றார்.

"அப்ப என்ன, சிட்டுக்குருவியோ? ஆனை உன்ர தலையில ஏறி நிண்டாலும் நீ இல்லையெண்டுதான் சொல்லுவாய்!"

"ஆனை இப்பிடி ஒரே அளவாக் கால் வைக்காது."

"அப்ப ஆரோ வேணுமெண்டு செய்தது எண்டு சொல்லுறியோ?"

பக்கத்துக் காணிக்காரர் குறுக்கிட்டார். "யாருக்கா செய்வாங்க இத? எம்புள்ளைங்க அன்னையிலேருந்து தூங்குறதே இல்லைங்க. வெளையாட்டுக்குன்னு ஒருத்தன் இதச் செஞ்சிருந்தா, அவன் கால ஒடைக்காம விடமாட்டேன்."

அக்கா எழும்பினார். திரும்பினார். என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீ சொல்லு. இது ஆனையோ?"

வாய் நிறையச் சொல் வைத்திருந்தேன். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த அதே சொல். வாளி பத்து அடி தூரத்தில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து, "இந்தாங்கோ ஆனை" என்றால் முடிந்தது. இரண்டு அடி விழுந்திருக்கும். கராச்சுக்குக் கதை போயிருக்கும். அவ்வளவுதான்.

"ஆனை மாதிரித்தான் கிடக்குதக்கா."

"வடிவாப் பாத்துச் சொல்லு. அவசரமில்லை."

அவசரமில்லை என்றார். எனக்கு நேரம் தந்துகொண்டு நின்றார். தம்பியார் என் தோளைப் பிடித்தார். "இவன்தானே அண்டைக்குச் சாட்சி. சொல்லடா!"

"ஓமக்கா. ஆனைதான்."

நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு பொய்யாவது இப்படிச் சத்தமே இல்லாமல் போனதில்லை. அக்கா தலையை ஆட்டினார். பிறகு காலால் அந்த மணலை ஒருக்கா இழுத்துத் தேய்த்தார். எறும்பும் தவிடும் மணலோடு மணலாகிப் போயின.

"சரி. சொன்னனான்தானே. வாறன்."

தம்பியாருக்கே அதிர்ச்சி. அவர் சண்டைக்குத் தயாராக நின்றவர். "மாட்டை என்ன செய்யப் போறாய்?" என்று மட்டும் கேட்டார். "பக்கத்தில குடுக்கிறன். பிள்ளையள் இருக்கிற வீடு, பால் தேவைப்படும்" என்றார் அக்கா.

அவர்கள் இரண்டு பேரும் சாய்ந்த கதியாலைப் பார்த்துக் கதைத்துக்கொண்டு நிற்க, அக்கா கொட்டிலடிக்குப் போனார். தவிட்டு வாளியை எடுத்தார். கிணற்றடிக்குக் கொண்டுபோய், அடியில் ஒட்டியிருந்த மணலைத் தேங்காய்த் தும்பால் உரஞ்சி, இரண்டு தண்ணியில் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்தார். அந்த வாளியை அவர் ஒருநாளும் வெளிப்பக்கம் கழுவினதில்லை. திரும்பி வரும்போது என்னைக் கடந்துதான் போனார்.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுச் சீலைப் போட்டு மிசினைப் பூட்டு. சீல் வந்திட்டுது."

பூட்டினேன். தண்ணி நன்றாகவே வந்தது.

புதன்கிழமை அக்காவின் சாமான் ஏற்றச் சின்ன லொறி வந்தது. நான் போகவில்லை. கராச்சில் வேலை அதிகம் என்று எனக்கே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன். பிறகு தம்பியார் போன் எடுத்தார். தோட்டத்தை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப் போகிறாராம், அதற்கு முன் கடப்பை அடைக்க வேண்டுமாம். "அக்காவுக்கு உன்னிலதான் நம்பிக்கை. நீயே செய்" என்றார்.

செய்தேன். முள்ளுக்கம்பி ஐந்து வரி. கட்டை ஆழமாகத் தாட்டு, ஒரு கீரிகூட நுழையாத மாதிரி. என் வேலையில் அதுதான் திறமான வேலை. ரியூப் வார் ஒன்றுகூடப் பாவிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு வேலையும் இல்லாமல் அங்கே போனேன். கம்பிக்கு வெளியே கொஞ்சம் மணல் மிச்சம் கிடந்தது. குந்தி இருந்து பார்த்தேன். எனக்கு எல்லாம் வாசிக்கத் தெரியாது. நாலைந்து எழுத்துத்தான் தெரியும். ஆனால் அது தெரிந்தது. விதானையார் வந்திருந்தார். கம்பி மட்டும் வந்து, நின்று, கம்பி நெடுகப் போய், திரும்பி அதே இடத்துக்கு வந்து, மறுபடியும் போய்ப் பார்த்திருந்தார்.

மழை தொடங்கின பிறகுதான் வவுனியாவுக்குப் போகத் துணிவு வந்தது. முதலாளியின் மோட்டார் சைக்கிளை உண்மையான காரணம் சொல்லி வாங்கினேன். அதை அவர் நம்பாமல் இரண்டு தரம் கேட்டார். போகிற வழியில் தோட்டத்துப் படலையடியில் இறங்கி நின்றுவிட்டுப் போனதால் கால் முழுக்கச் செம்மண்.

தம்பியார் வீட்டு முற்றம் முழுவதும் சீமெந்து. படலையில் இருந்து மதில் வரை வெள்ளை வெளேரென்று, கழுவித் துடைத்த மாதிரி. அந்தத் துப்புரவைப் பார்த்துச் செருப்பைப் படலையடியிலேயே கழற்றிவிட்டேன். அக்கா விறாந்தையில் கதிரையில் இருந்தார். புதுக் கண்ணாடி போட்டிருந்தார். இரண்டு காலும் நல்ல கால். மடியில் ஒன்றும் இல்லை. கையில் ஒன்றும் இல்லை. அக்காவின் கை சும்மா இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

"வா. அம்மாவுக்கு எப்பிடி?"

"கால் புண் மாறிட்டுது. உங்களைக் கேட்டவா."

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. பகிடி ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அண்டைக்கு அது..."

"தெரியும்."

"தவிட்டை அவருக்குக் காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருந்தால் உன்ர காலையெல்லோ முறிச்சிருப்பினம். அதுக்குப் பிறகு அந்த ஊரில உன்னை ஆர் வளவுக்குள்ள விடுவினம்?" சொல்லிவிட்டு, மழையைப் பார்த்துக்கொண்டே, "நீயே சொல்லுவாய் எண்டுதான் நான் நிண்டு பாத்தனான்" என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நல்லது. அவர் ஒரு காலடியைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார், இப்படிக் கிடந்தது என்று.

"திரும்பி வாங்கோ அக்கா. நான் இப்ப அவரிட்டச் சொல்லுறன். எல்லாத்தையும் சொல்லுறன்."

"காணியை ஏழு வருசக் குத்தகைக்கு எழுதிக் குடுத்திட்டுது அது. இனிச் சொல்லி என்ன?" பிறகு, பழைய குரலில் கேட்டார். "இப்ப ஆர் வந்து போகினம்?"

அந்த இடத்தில் எனக்கு எத்தனை பொய் வந்திருக்க வேண்டும். பெரியவர் குட்டியோடு வந்தார், மாப்பிளை தோகை விழுத்திவிட்டுப் போனார் என்று அடுக்கியிருக்கலாம். ஒன்றும் வரவில்லை.

"ஒருத்தரும் வரேலாதக்கா. கடப்பை அடைச்சாச்சு."

"ஆர் அடைச்சது?"

"நான்தான்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"விதானையார் மட்டும் வந்து பாத்தவர். கம்பி மட்டும் வந்திட்டு, அங்கால இஞ்சால ரெண்டு தரம் போய்ப் பாத்திட்டு, திரும்பிட்டார்."

"மெய்யாப் பாத்தனியோ?"

"குந்தி இருந்து பாத்தனான்."

அக்கா என் முகத்தைக் கனநேரம் பார்த்தார். பிறகு சரி என்கிற மாதிரித் தலையை ஆட்டினார். மணலைப் பற்றி நான் சொன்ன ஒன்றை அவர் நம்பியது அதுதான் முதல் தடவை.

தேத்தண்ணி குடித்துவிட்டு வெளிக்கிட்டேன். படலையைத் திறந்துகொண்டு திரும்பினால், வெள்ளைச் சீமெந்து முழுக்க, படலையில் இருந்து விறாந்தை வரை என் செம்மண் கால். தம்பியாரின் மனைவி துடைக்கிற தடியும் வாளியுமாக உள்ளே இருந்து வந்தார்.

"விடு பிள்ளை, கிடக்கட்டும்" என்று அக்காவின் குரல் கேட்டது.

கதிரையை விட்டு எழும்பி வந்து, தூறலுக்குள் முற்றத்தில் குந்தி இருந்தார். புதுக் கண்ணாடியைச் சரிசெய்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் மோட்டார் சைக்கிளை உதைக்காமல் நின்றேன்.

"டேய்," என்றார் தலையைத் தூக்காமல். "இடக்கால் இன்னும் சாயுது."